ஊர்ச் சுகாதார சபைகள்: ஊவா நாட்டு வரலாறும் நாம் கற்ற பாடமும்

தோற்றுவாய்

விழா மலர்களிலே பழைய மாணவர் பெருமையும் ஆசிரியர் நினைவும் விளையாட்டு வெற்றிகளும் இடம்பெறுதல் மரபு. அவை வேண்டுவனவே. எனினும் நமது கல்லூரி யூபிலி காணும் இவ்வேளையில், பாடநூல்களில் அருகியே காணப்படுவதும், நமது வகுப்பறையை நாள்தோறும் தாக்குவதுமாகிய ஒரு பொருளைப் பற்றி எழுத எண்ணினோம். ஊரின் குடிநீரையும், குப்பையையும், கழிவையும், தொற்றுநோயையும் பொறுப்பேற்று நடத்துவோர் யாவர்? அப்பொறுப்பு அவர்க்கு எவ்வாறு வந்தது? அதனை அவர் செய்யாதவிடத்து நாம் செய்யத்தக்கது யாது? இவையே பொருள். தமிழ் கற்பிப்பார்க்கு இதில் என்ன வேலை என்று வினவுவாரும் உளர். அதற்கு விடை இக்கட்டுரையின் பிற்பகுதியில் தானே வரும்.

சபையும் வாரியமும்

ஊர் நலத்தை ஊராரே கூடிப் பேணுதல் ஆங்கிலர் நமக்குக் கற்பித்த புதுமையன்று. தொண்டை நாட்டு உத்தரமேரூரிலே முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள. அவை கி. பி. 919ஆம், 921ஆம் ஆண்டுகளுக்கு உரியன. ஊரார் குடவோலை முறையால் ஆட்களைத் தெரிந்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய வாரியங்களை அமைத்த வரலாற்றை அவை விரித்துரைக்கின்றன. ஏரியைக் காத்தல் ஒரு வாரியத்தின் வேலை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் தெரிவு செய்யப்படலாகாது என்பது விதி. நீரைக் காக்கும் பொறுப்பும் கணக்குக் காட்டும் கடமையும் ஒரே கல்லில் பொறிக்கப்பட்டமை நோக்கத்தக்கது.

நமது ஊவா நாட்டிற்கும் இத்தகைய சான்று உண்டு. பதுளைத் தூண் கல்வெட்டு என்று வழங்கப்படும் பத்தாம் நூற்றாண்டுச் சாசனம் மகியங்கனைக்கு அண்மையிலுள்ள சொரபொரக் குளப்பகுதியைச் சேர்ந்தது. அங்கிருந்த சந்தையூரின் வணிகரும் குடிகளும், அதிகாரிகள் முறை தவறி நடந்தமை குறித்து அரசனிடம் முறையிட்டனர். அதன் பயனாக அச்சந்தையூருக்கு விதிகள் வகுக்கப்பட்டன. ஊரார் ஒன்றுபட்டு முறையிடுதலும், முறையீட்டிற்கு எழுத்து வடிவிலே விடை பெறுதலும் இம்மண்ணில் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையன என்பதை மாணவர் நினைவிற் கொள்வாராக.

இங்கிலாந்து கண்ட வழி

நோய்த்தடுப்பிற்கென்றே சபை அமைக்கும் முறை இங்கிலாந்திலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாயிற்று. தொழிற்சாலைகள் பெருகின, நகரங்கள் பெருத்தன, கழிவு செல்ல வழியின்றி மக்கள் மடிந்தனர். எட்வின் சாட்விக் என்பார் 1842இல் தொழிலாளர் வாழ்விடங்களின் நிலையை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். 1848இல் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. வரி செலுத்துவோரிற் பத்தில் ஒரு பங்கினர் வேண்டினால் அவ்வூரில் சுகாதார சபை அமைக்கலாம். ஆண்டொன்றில் ஆயிரவர்க்கு 23 பேருக்கு மேல் இறக்கும் ஊராயின், அவர் வேண்டாவிடினும் அமைக்கலாம் என்று அச்சட்டம் கூறிற்று.

1854இல் இலண்டனிலே புரோட் வீதியைச் சூழ்ந்த பகுதியில் கொலரா பரவிப் பத்து நாட்களில் ஐந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். நச்சுக் காற்றே காரணம் என்று கற்றோரும் நம்பிய காலம் அது. ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர் வீடு வீடாகச் சென்று இறந்தோர் தொகையைக் குறித்தார். அவர் நீர் மொண்ட இடத்தை வினவினார். வீதியிலிருந்த நீரிறைக்கும் பம்பி ஒன்றைச் சுற்றியே இறப்புக்கள் திரண்டிருக்கக் கண்டார். அதனை அப்பகுதிச் சபையாரிடம் எடுத்துரைக்க, அவர்கள் மறுநாளே அதன் கைபிடியைக் கழற்றிவிட்டனர். அப்பொழுது நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதும் உண்மையே. ஆயினும் நாம் கொள்ளவேண்டிய பாடம் வேறு. சபையார் ஸ்னோவின் கொள்கையை முழுதும் ஏற்றவர் அல்லர். எனினும் எண்ணும் இடமும் நாளும் காட்டிய ஒருவர் சொல்லை அவர்களால் தள்ள இயலவில்லை. இதனை நெஞ்சில் இருத்துக, பின்னர் வேண்டப்படும்.

இலங்கையிற் சபைகள் தோன்றியமை

இலங்கையிலே 1865ஆம் ஆண்டுச் சட்டத்தால் கொழும்பு, கண்டி முதலிய பெருநகரங்களுக்கு மாநகர சபைகள் அமைந்தன. 1871இல் பழைய கிராமச் சபை முறை புதுப்பிக்கப்பட்டது. 1876ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மாநகரம் ஆகாத நகரங்களுக்குச் சுகாதாரமும் அபிவிருத்தியும் நோக்கிய உள்ளூர்ச் சபைகளை வகுத்தது. ‘லோக்கல் போட்’ என்று முதியோர் வழங்கியவை இவையே. அவற்றில் அரசாங்க உத்தியோகத்தரும், வரி செலுத்துவோர் தெரிந்த சிலரும் இருந்தனர். அவற்றினும் சிறிய ஊர்களுக்கும் கடைத்தெருக்களுக்கும் 1892ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சிறுபட்டினச் சுகாதாரச் சட்டம் சுகாதாரச் சங்கங்களைத் தந்தது. 1920க்குப் பின்னர் நகர மாவட்ட சபைகளும், 1939ஆம் ஆண்டுச் சட்டத்தால் நகர சபைகளும், 1946ஆம் ஆண்டுச் சட்டத்தால் பட்டின சபைகளும் எழுந்தன. 1981இல் கிராம சபைகளும் பட்டின சபைகளும் மறைந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் அவற்றின் இடத்தைப் பெற்றன.

இவ்வரிசையை மனனஞ் செய்து தேர்விலே எழுதிவிடலாம். அதன் உட்பொருளை அறிதற்கோ நமது நிலத்தையே நோக்குதல் வேண்டும்.

ஒரு சாலை, மூன்று வேலி

பதுளையிலிருந்து பசறை வழியாக மொனராகலைக்கு இறங்குவோர் முதலிலே தேயிலை மலைகளைக் காண்பர். கீழிறங்கத் தோன்றுவது இறப்பர்த் தோட்டம். அதற்கும் அப்பால் வயலும் சேனையுமாக வெல்லச நாடு விரியும். இடையிடையே கடைத்தெருவுடைய சிறு பட்டினங்கள். 1886இல் அமைந்த ஊவா மாகாணத்திலே பதுளை மாவட்டத்தின் பகுதியாய் இருந்த மொனராகலை, 1959இல் தனி மாவட்டமாயிற்று. மயிற்பாறை எனப் பொருள்படும் பெயருடைய இவ்வூரிலே தோட்டமும் கிராமமும் பட்டினமும் கூப்பிடு தூரத்தில் நெருங்கிக் கிடக்கின்றன.

ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு இவை மூன்று வேறு உலகங்களாய் இருந்தன. கடைத்தெருவின் குப்பையும் வடிகாலும் சுகாதாரச் சங்கத்தின் பொறுப்பு. கிராமத்தின் கிணறும் பாதையும் கிராமச் சங்கத்தின் பொறுப்பு. தோட்டத்து லயமோ துரையின் ஆட்சிக்கு உட்பட்டது. 1872ஆம் ஆண்டு முதல் வந்த மருத்துவத் தேவைச் சட்டங்களும், 1912இல் வந்த தொழிலாளர் நோய்கள் பற்றிய சட்டமும் தோட்ட நிருவாகத்தின்மீது சில கடமைகளைச் சுமத்தின. அவற்றால் மருந்தகங்களும் மருத்துவமனைகளும் தோன்றின என்பதை மறுத்தல் நன்றியின்மையாகும். எனினும் லயத்தில் வாழ்ந்தவர் நோயாளராக எண்ணப்பட்டனரேயன்றிச் சபைக்கு உரியவராக எண்ணப்படவில்லை. 1930களின் பிற்பகுதியிலே கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபொழுது, தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளர்க்கு அச்சங்கங்களில் வாக்குரிமை கிடைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவருட் பெரும்பாலார் நாடற்றவர் ஆயினர். குடியுரிமைச் சிக்கல் முற்றாய்த் தீரும்பொருட்டு 1988இலும் 2003இலும் சட்டங்கள் இயற்றவேண்டியதாயிற்று.

வேலி மூன்றாயினும் நீர் ஒன்றே. மலையில் ஊறிய நீர் லயத்துப் பீலியில் வீழ்ந்து, கிராமத்து வயலிற் பாய்ந்து, பட்டினத்துப் பாலத்தின் கீழ் ஓடுகின்றது. ஈயும் நுளம்பும் எல்லைக்கல்லைப் படித்தறிவன அல்ல. மேலே ஒரு லயத்திற் பேதி கண்டால் கீழே கடைத்தெருவினர் நடுங்கவேண்டும். எல்லைக்குட்பட்ட சபையும் எல்லையற்ற நோயும் என்னும் இம்முரண்பாடே நமது நாட்டுச் சுகாதார வரலாற்றின் உயிர்நிலை என்பது எமது துணிபு.

இரு நோய்கள் புகட்டிய பாடம்

கொளுக்கிப் புழு நோய் தோட்டத் தொழிலாளரின் குருதியை உறிஞ்சி அவரைச் சோம்பர் என்னும் பழிச்சொல்லுக்கும் ஆளாக்கியது. 1916ஆம் ஆண்டளவில் ரொக்பெலர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் இந்நோயை ஒழிக்கும் பணியைத் தொடங்கினர். மருந்து கொடுத்தனர், புழு வீழ்ந்தது, சில மாதங்களில் மீண்டும் தொற்றியது. மலகூடம் இன்றி மருந்து பயன்படாது என்பது தெளிவாயிற்று. அவ்வறிவின் வளர்ச்சியாகவே 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. நோயாளர் வரும்வரை காத்திராது, சுகாதார வைத்திய அதிகாரியும் பரிசோதகரும் மருத்துவிச்சியும் வீடு நாடிச் செல்லும் இன்றைய முறை அங்கிருந்து பரவியதே.

மலேரியா புகட்டிய பாடம் வேறு. 1934, 1935ஆம் ஆண்டுகளிற் பரவிய பெருங்காய்ச்சலில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்பர். 1940களின் நடுப்பகுதியிலிருந்து டீ. டீ. ரீ. தெளிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் கண்ட நோயாளர் பதினேழு பேரே. வெற்றி கிட்டிற்று என்று விழிப்புத் தளர்ந்தது. 1960களின் இறுதியிலே நோயாளர் தொகை ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டது! மீண்டும் பல்லாண்டு உழைத்த பின்னரே 2012க்குப் பின் உள்நாட்டுத் தொற்று அற்றது. 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா நீங்கிய நாடு எனச் சான்று வழங்கிற்று. நோயாளர் பலராய் இருக்கும்போது உழைப்பது எளிது. ஒருவருமில்லாதபோதும் உழைப்பதே சபைக்கு அழகு.

இன்றைய அமைப்பு

பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி நடத்துதல் பிரதேச சபையின் கடமை என 1987ஆம் ஆண்டுச் சட்டம் மொழிகின்றது. மொனராகலைப் பட்டினமும் பிரதேச சபையின் ஆட்சிக்கு உட்பட்டதே. குப்பை அகற்றல், சந்தை, கசாப்புக்கடை, வடிகால், மயானம் என்பன சபையின் வேலைகள். நோய் பற்றிய அறிவித்தல், உணவுப் பரிசோதனை, குடிநீர்ப் பரிசோதனை, தடுப்பூசி என்பவற்றைச் சுகாதார வைத்திய அதிகாரியும் அவர்தம் பணியாளரும் கவனிப்பர். பரிசோதகர் குறை கண்டால் அறிவித்தல் கொடுப்பார். திருந்தாதவரை நீதிமன்றில் நிறுத்துவார். ஆகவே ஒரு கிணற்றுக்குக் காவலர் இருவர்: வேலை செய்யும் சபையும், நோய் அறியும் அதிகாரியும். இருவரும் கைகோத்தால் ஊர் பிழைக்கும். ஒருவர் மற்றவரைச் சுட்டினால் ஊர் நோகும்.

தோட்டங்களிலோ மூன்றாவதாக நிருவாகமும் உண்டு. தோட்டக் குடியிருப்புக்களிலே பிரதேச சபை தன் நிதியைச் செலவிடுதற்கு அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு தடை எனக் கருதப்பட்டு வந்தது. சபைக்கு வாக்களித்த தோட்டத்தவர் சபையின் குழாயைக் கேட்க இயலாதிருந்தனர். 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டு வழி திறந்தது. ஆனால் திறந்த வழியில் நடப்பதற்கு ஆள் வேண்டும்.

யாம் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன் மாரி மழை ஓய்ந்த நாட்களில், நமது ஏழாம் வகுப்பிலே ஒரே லய வரிசையைச் சேர்ந்த மாணவர் அறுவர் ஒருங்கே வராதொழிந்தனர். வயிற்றுப் போக்கு என்றனர் தோழர். சனிக்கிழமை யாம் மேல்வகுப்பு மாணவர் மூவரோடு அவ்விடஞ் சென்றோம். ஒரு காம்பராவின் முன் அமர்ந்திருந்த முதியவர் எழுந்து, “வாங்க வாத்தியாரையா, தண்ணி குடிக்கிறீங்களா?” என்று முகமலர்ந்து வரவேற்றார். அப்பெருந்தகைமையே எம்மைச் சுட்டது. “எந்தத் தண்ணி ஐயா?” என்றோம். “நம்ம பீலித் தண்ணிதான். எங்கப்பா காலத்திலயிருந்து குடிக்கிறோம். அதுக்கு ஒரு குறையுமில்ல” என்றார்.

அவர் சொன்னது பொய்யன்று. பீலி பழமையானது. ஆனால் அதற்கு மேலேயுள்ள சரிவிலே மலகூடக் குழிகள் சில பிற்காலத்தில் வெட்டப்பட்டிருந்தன. மழைநீர் அவற்றினூடாகக் கசிந்து ஊற்றை நோக்கி இறங்கும் வழியை மாணவர் கண்ணாரக் கண்டனர்.

யாம் செய்தது யாது? மாணவரைக் கொண்டு ஒரு விண்ணப்பம் எழுதுவித்தோம். பெருங்கருணை கூர்தல், தாள் பணிதல், ஏழைகளின் கண்ணீர் துடைத்தல் முதலிய அணிகள் நிரம்பிய மூன்று பக்க விண்ணப்பம். அதிலே சந்திப்பிழை ஒன்றுமில்லை, யாமே திருத்தினோம். சபைக்கு அனுப்பினோம், தோட்டத்து விடயம் என்று விடை வந்தது. தோட்ட அலுவலகத்திற்கு அனுப்பினோம். சுகாதாரப் பகுதியினரைக் கேட்குமாறு கூறினர். அங்கே சென்றபொழுது ஓர் இளம் அதிகாரி கடிதத்தை முழுதும் பொறுமையாய்ப் படித்து, “சேர், நல்லாத்தான் எழுதியிருக்கிறீங்க. ஆனா எந்தப் பீலி? எத்தனை பேருக்கு வருத்தம்? எப்ப தொடங்கினது?” என்று கேட்டார்.

மூன்று பக்கங்களில் அவற்றுள் ஒன்றேனும் இல்லை. இருபது ஆண்டு தமிழ் கற்பித்த எமக்கு அன்று விளங்கியது, யாம் கற்பித்தது மொழியின் ஆடையை, உடம்பை அன்று. ஜோன் ஸ்னோ சபைமுன் கொண்டுசென்ற பொருள்கள் மூன்று: எண், இடம், நாள். அம்மூன்றையும் விடுத்துக் கண்ணீரை மட்டும் கொண்டுசென்றோம்.

மீண்டும் எழுதினோம், இம்முறை ஒரே பக்கம். லயத்தின் பெயர், பீலியின் இருப்பிடம், குழிகளுக்கும் ஊற்றுக்கும் இடைப்பட்ட தூரம், நோயுற்றவர் தொகை, அவர் வயது, நோய் தொடங்கிய நாள், ஒரு வரைபடம், இறுதியில் வேண்டுகோள் ஒன்று. மூன்று இடத்திற்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, யார் யார்க்கு அனுப்பினோம் என்பதையும் அடியிற் குறித்தோம். அவ்வாரத்திலேயே பரிசோதகர் வந்தார். நீர் மாதிரி எடுத்தார். குடித்தற்கு ஏலாது என்று முடிவு வந்தது. வெளிற்றுந் தூள் இடப்பட்டது. குழாயைத் தோட்டம் கொடுக்க, லயத்தவர் இரு ஞாயிற்றுக்கிழமைகளில் உழைத்து, மலகூடங்களுக்கு மேலேயுள்ள ஊற்றிலிருந்து நீரை இறக்கினர். மூடியுள்ள தொட்டி ஒன்றும் பின்னர் எழுந்தது.

இதனை வெற்றிக் கதையாக முடித்தல் எளிது. ஆனால் முதற் கடிதத்திற்கும் இரண்டாம் கடிதத்திற்கும் இடையே ஒன்பது வாரங்கள் சென்றன. அறுவருள் ஐவர் வகுப்பிற்கு மீண்டனர். ஆறாமவன் மெலிந்து, பாடங்களில் பின்தங்கி, தவணைத் தேர்விற்கு அஞ்சிக் கொழும்பிலே கடைவேலைக்குச் சென்றுவிட்டான். அவன் கையெழுத்து வகுப்பிலேயே அழகானது. அந்த ஒன்பது வாரங்களை எந்தச் சபையின் கணக்கிலும் எழுத எமக்கு மனமில்லை. எமது கணக்கிலேயே எழுதிக்கொண்டோம்.

பழைய மாணவர்க்கும் மாணவர்க்கும்

நாட்டிலக்கணம் கூறவந்த வள்ளுவர் பிணியின்மையையும் நாட்டின் அணியாகவே வைத்தார். அவ்வணியைப் பேணுதல் மருத்துவர் தொழில் மட்டும் அன்று. நமது பழைய மாணவருட் சபை உறுப்பினர் உளர். தோட்ட உத்தியோகத்தர் உளர். சுகாதாரப் பணியாளர் உளர். மூன்று அலுவலகங்களில் மூன்று மேசைகளின் பின்னிருப்போர் ஒரே வகுப்பறையில் ஒரே வாங்கில் இருந்தவராயின், ஒரு கடிதம் ஒன்பது வாரம் அலைதல் வேண்டுமா? ஆண்டில் ஒருமுறை, மாரி தொடங்குமுன், இம்மூவகையினரும் கல்லூரி மண்டபத்திற் கூடித் தத்தம் பகுதிப் பீலிகளையும் கிணறுகளையும் பற்றி ஒரு பட்டியல் எழுதிவைப்பாராயின், அதனினும் சிறந்த யூபிலிக் கொடை வேறொன்றில்லை.

மாணவர் இவ்விடுமுறையிற் செய்து காணத்தக்க பயிற்சிகள் வருமாறு:

1. நும் வீட்டார் குடிக்கும் நீர் எங்கே ஊறுகின்றது? அதுவரை நடந்து சென்று, வழியை வரைபடமாக வரைக.

2. அந்நீர்நிலைக்கு 50 அடிக்குள் மலகூடக் குழி உளதா? உளதாயின், அது மேட்டில் உளதா, தாழ்வில் உளதா எனக் குறிக்க.

3. நும் பகுதிப் பிரதேச சபை உறுப்பினர் யார்? சுகாதாரப் பரிசோதகரின் அலுவலகம் எங்குளது? வினவி அறிக.

4. கண்ட குறை ஒன்றைப் பற்றி ஒரு பக்கத்திற்கு மேற்படாது கடிதம் எழுதுக. எண், இடம், நாள் மூன்றும் அமைதல் வேண்டும். அடைமொழிகள் எவையும் வேண்டா.

நான்காம் பயிற்சியை எம்மிடம் கொணர்வார்க்கு யாம் சந்திப்பிழையையும் திருத்திக் கொடுப்போம். ஆனால் அதனை இறுதியிலேயே செய்வோம். லயத்து முதியவர் நீட்டும் குவளை நீரை எவரும் அச்சமின்றி வாங்கிப் பருகும் நாள் வருமாக. கல்லூரி நீடு வாழ்க.